சறுக்கும் சக்கரத்துக்கு ஒரு கடிவாளம்

தலைநகரில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பஞ்சமில்லை. வசந்த் விஹாரிலும் கோல்ஃப் லிங்க்ஸிலும் பங்களா வாசல்களில் போர்ஷே நிற்கிறது. பக்கத்திலேயே டிரைவரும் நிற்கிறார். அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் கைச்சட்டையை மடித்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்ததாகத் தகவல் இல்லை. தில்லியில் ஸ்பானரைத் தானே கையில் எடுக்கும் மோட்டார் பிரியர்கள் வேறு ரகம். அவர்களுடைய வாகனமும் வேறு. வில் போன்ற பட்டை ஸ்பிரிங்குகளின் மீது உட்கார்ந்து, குண்டும் குழியும் முதுகெலும்பில் தெரிய ஓடும் மாருதி ஜிப்ஸி.

ஜிப்ஸியை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஐரோப்பாவில் சிரிப்பார்கள். இங்கே சிரிக்க முடியாது. 1985 டிசம்பரில் குர்கான் ஆலையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்து இந்திய ராலி ஓட்டிகளின் முதல் காதல் அதுதான். 1999இல் தொடங்கிய 'ரெய்டு டி ஹிமாலயா' பந்தயத்தின் பனிப் பாதைகளிலும், 2003இல் தொடங்கிய 'டெஸர்ட் ஸ்டார்ம்' பந்தயத்தின் ராஜஸ்தான் மணலிலும் வருஷா வருஷம் வரிசையில் நின்றது அது. ஒரு டன்னுக்கும் குறைவான எடை, 1996க்குப் பிறகு 1.3 லிட்டர் என்ஜின், எங்கே உடைந்தாலும் கிடைக்கும் உதிரி பாகங்கள். வசதிகள் என்று சொல்ல எதுவும் கிடையாது. சாமானியன் வாங்கக்கூடிய பந்தயக் கார் வேறு இந்தியாவில் இருந்ததே இல்லை.

அந்த ஜிப்ஸிக்கு ஒரு பலவீனம் உண்டு. பின் சக்கரம் ஒன்று ஈரப் புல்லிலோ சேற்றிலோ மாட்டிக்கொண்டால் அது மட்டும் ராட்டினம் மாதிரி சுற்றும். கெட்டித் தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் சும்மா நிற்கும். வண்டி அங்குலம் நகராது. நான்கு சக்கர இழுவையைப் போட்டாலும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரங்கள் சுற்ற, இரண்டு வேடிக்கை பார்க்கும். 'ஃபோர் வீல் டிரைவ்' என்று பக்கவாட்டில் எழுதி ஒட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது முதல் தடவை புரியும்போது கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கும்.

கோளாறு என்ஜினில் இல்லை. டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியின் குணமே அதுதான்.

மாட்டு வண்டிக்கு டிஃபரன்ஷியல் தேவையில்லை. அதன் இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியாகச் சுழல்கின்றன. திரும்பும்போது வெளிச் சக்கரம் தன் பாட்டுக்கு அதிகம் உருளும். மோட்டார் வண்டியில் ஒரே என்ஜின் இரண்டு சக்கரங்களையும் சுற்ற வேண்டும். அங்கேதான் வம்பு. ஜிப்ஸியின் இரண்டு பின் சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1.3 மீட்டர் இடைவெளி. ரிங் ரோட்டில் ஒரு முழு யூ-டர்ன் அடித்தால் வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 4 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே வரும். இல்லையேல் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். இந்த வேக வித்தியாசத்தை அனுமதித்துக்கொண்டே இரண்டுக்கும் சக்தி கொடுக்கும் பல்சக்கர அமைப்பை நீராவி வண்டிக்காக உருவாக்கியவர் ஒனெசிஃபோர் பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர். 1827இல். பெட்ரோல் கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே அதன் முக்கியமான உறுப்பு ஒன்று தயாராகிவிட்டது.

ஆனால் பெக்கூரின் பெட்டி ஒரு தராசு. இரண்டு தட்டிலும் எப்போதும் சமமான முறுக்கு விசையைத்தான் வைக்கும். ஒரு சக்கரம் வழுக்குப் பரப்பில் இருந்து பத்து பங்கு விசையை மட்டுமே தாங்குகிறது என்றால், கருங்கல்லின் மீது நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே பத்து பங்குதான். அது ஆயிரம் பங்கைத் தாங்கக் காத்திருந்தாலும் பலனில்லை. நியாயம் சமமாக வழங்கப்படுகிறது. வண்டி மட்டும் சேற்றில் நிற்கிறது.

பந்தயக்காரர்களுக்கு இது இன்னொரு வழியில் இடித்தது. வளைவிலிருந்து வேகமாக வெளியேறும்போது காரின் பாரம் வெளிப் பக்கம் சாய்கிறது; லேசாகிப்போன உள்சக்கரம் வீணாகச் சுற்றிப் புகை கக்குகிறது. 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இந்த உபாதை தாங்கமுடியாமல் போகவே, இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம் சறுக்கலை மட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைச் செய்து கொடுத்தது. 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்' என்பது அதன் பெயர். பட்டறை மொழியில் எல்.எஸ்.டி. (அறுபதுகளின் போதை மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இதற்கும் அடிமைகள் உண்டு.) 1956இல் அமெரிக்காவின் பக்கார்ட் கார்களில் அது சாதாரண வாடிக்கையாளருக்கும் கிடைக்க ஆரம்பித்தது.

வேலை செய்யும் விதத்தில் முக்கியமாக மூன்று ஜாதி. முதலாவது கிளட்ச் வகை: பெட்டிக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கி, ஸ்பிரிங் வைத்து அழுத்தப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் தறிகெட்டு ஓடப் பார்த்தால் தகடுகளின் உராய்வு அதை இழுத்துப் பிடித்து, மிச்ச விசையை மற்றச் சக்கரத்துக்குத் தள்ளும். நன்றாகப் பிடிக்கும், ஆனால் தகடு தேயும். இரண்டாவது, சாய்வான பற்கள் கொண்ட கியர் வகை. வெர்னன் க்ளீஸ்மன் 1958இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற டார்சன் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. தேய்மானம் குறைவு, சத்தமில்லை, ரோட்டில் ஓட்டுகிறவருக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் அதன் கணக்கு பெருக்கல் கணக்கு. வழுக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அதைப் போல இரண்டு மடங்கோ மூன்று மடங்கோதான் மற்றதற்குக் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம். அப்போது கை பிரேக்கை லேசாக இழுத்தால், தொங்கும் சக்கரத்துக்கு ஒரு செயற்கை பாரம் கிடைத்து வண்டி நகரும். இந்தத் தந்திரம் சாதாரண டிஃபரன்ஷியலிலும் ஓரளவுக்கு உதவும். செலவே இல்லாத சிகிச்சை என்பதால் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

மூன்றாவது, கண்டிப்பாகச் சொன்னால் எல்.எஸ்.டி.யே அல்ல. 'லாக்கர்' என்ற பூட்டு. வித்தியாசம் எல்லை மீறியதும் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். 2015இல் புதுப்பிக்கப்பட்ட மஹிந்திரா தாரில் வந்த ஈட்டன் நிறுவனத்தின் சாதனம் இந்த ரகம். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்கு சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும். வண்டி வேகமெடுத்தால் பூட்டாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

ஜிப்ஸிக்கு மாருதி இது எதையும் கொடுத்ததில்லை. 2018ஓடு பொதுமக்களுக்கான உற்பத்தியையும் ஏறக்கட்டிவிட்டது. ஆகவே வேண்டுமென்பவர் தானே போட்டுக்கொள்ள வேண்டும். தானே என்றால் உண்மையிலேயே தன் கையால். அதற்கு இந்த வண்டி இடம் கொடுக்கிறது என்பதுதான் விஷயம்.

மாருதி எஸ்டீமோ ஹோண்டா சிட்டியோ வைத்திருப்பவர் இந்த ஆசையை வீட்டில் தீர்த்துக்கொள்ள முடியாது. முன் சக்கர இழுவைக் கார்களில் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸின் வயிற்றுக்குள் இருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். பட்டறை வேலை. ஜிப்ஸியில் நிலைமை வேறு. பின் ஆக்ஸிலின் நடுவே பூசணிக்காய் போல உப்பியிருக்கும் பகுதியில், கிரௌன், பினியன், டிஃபரன்ஷியல் மூன்றையும் தாங்கும் இரும்புக் கூடு தனியாக போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. ஆக்ஸில் தண்டுகளைக் கொஞ்சம் வெளியே இழுத்து, சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றினால் கூடு முழுசாகக் கையோடு வந்துவிடும். மேலைநாடுகளில் வீட்டு ஷெட்டில் எல்.எஸ்.டி. போடுகிறவர்களின் செல்லப்பிள்ளையான மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரிலும் இந்த மாதிரி ஒரு சௌகரியம் உண்டு. 1989இல் வந்த அந்தக் குட்டி ஸ்போர்ட்ஸ் காரின் சாதா ரகங்களில் எல்.எஸ்.டி. கிடையாது, உடைசல் கடையிலிருந்து உயர்ந்த ரகத்தின் டிஃபரன்ஷியலை முழுசாக வாங்கி மாற்றிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் காரை மாஸ்டா இந்தியாவில் விற்கவே இல்லை.

தில்லிக்காரருக்கு ஷெட் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. டி.டி.ஏ. குடியிருப்புகளில் கார் நிற்கும் இடத்துக்கே அடிதடி. மாடி வீட்டுக்காரர் தெருவோரத்தில் ஜாக்கி போட்டால் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்ப்பார். காலனி சங்கச் செயலாளர் வந்து நிற்பார். கிரிக்கெட் பந்து ஒன்று காருக்கு அடியில் உருண்டு வரும், அதன் பின்னால் ஒரு பையனும் வருவான். இந்தக் கடைசி விஷயம் சிரிப்பதற்கில்லை. காரோடு வரும் சின்ன ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை மட்டும் நம்பி ஒரு டன் வண்டிக்கு அடியில் மனிதன் தலையை நுழைப்பது தற்கொலைக்குச் சமம். சேஸிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் உறுதியான ஸ்டாண்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, சமமான சிமென்ட் தரை. இது மூன்றும் இல்லாத இடத்தில் வேலையைத் தொடங்கவே கூடாது. செங்கல் அடுக்கி முட்டுக்கொடுப்பது தில்லியில் சகஜம். செங்கல் எச்சரிக்காமல் நொறுங்கும்.

போதாக்குறைக்கு மே மாதப் புழுதிக் காற்று. திறந்து கிடக்கும் பேரிங்கில் ஒரு கைப்பிடி ராஜஸ்தான் மணலைத் தூவிவிட்டுப் போகும். கூட்டை எடுத்த பிறகு ஆக்ஸிலின் வாயை உடனே துணியால் அடைத்து மூடுவது முதல் கடமை.

விவரமறிந்தவர்கள் வேறு உபாயம் வைத்திருக்கிறார்கள். வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே இன்னொரு கூட்டைத் தனியாக வாங்கிவிடுவது. கஷ்மீரி கேட்டின் மோட்டார் உதிரி பாகச் சந்தை அதற்குத்தான் இருக்கிறது. மோரி கேட் பக்கம் நீளும் அந்தச் சந்துகளில் புதுசு, பழசு, புதுசு போல பழசு எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் 'அசல்' என்று சத்தியம் செய்வார். அதைக் கேட்டுக்கொண்டே வாங்குகிறவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: பல் எண்ணுவது. கிரௌன் வீலின் பற்களையும் பினியனின் பற்களையும் எண்ணி வகுத்தால் வரும் விகிதம், தன் வண்டியின் விகிதத்தோடு தசம ஸ்தானம் வரை ஒத்துப்போக வேண்டும். ஜிப்ஸியில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே விகிதத்தில் இருந்தால்தான் நான்கு சக்கர இழுவை போட முடியும். காலப்போக்கில் விகிதங்கள் மாறியிருக்கின்றன. வேறு விகிதக் கூட்டை மாட்டிவிட்டு, கெட்டித் தரையில் நான்கையும் இணைத்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து மல்லுக்கட்டும். நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உயிரை விடும்.

கூடு கிடைத்துவிட்டால் தெருவில் செய்யும் வேலை ஒரே நாள். நுட்பமான பகுதி வீட்டுக்குள், சாப்பாட்டு மேஜையில், வாரக் கணக்கில் நிதானமாக நடக்கலாம். (மேஜை யாருடையது என்பதைக் குடும்பம் தீர்மானித்துக்கொள்ளட்டும்.) எல்.எஸ்.டி. பெரும்பாலும் கடல் கடந்து வர வேண்டியிருக்கிறது. ஜிப்ஸி உலகம் முழுக்க சுஸுகி சாமுராய், எஸ்.ஜே. என்ற பெயர்களில் ஓடிய வண்டியின் உடன்பிறப்பு என்பதால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்கான சாமான்கள் உண்டு. சுங்க வரியோடு சேர்த்தால் பழைய வண்டியின் மதிப்பில் கணிசமான பங்கு அந்த ஒரு சாமானுக்கே போகும்.

மேஜை வேலைக்குப் பலத்தைவிடப் பொறுமை வேண்டும். பேரிங் மூடிகளைக் கழற்றுவதற்கு முன் இடது எது, வலது எது என்று பஞ்சால் புள்ளி குத்த வேண்டும். அவை ஜோடியாகக் கடையப்பட்டவை, மாறிப் போட்டால் உட்காராது. பழைய டிஃபரன்ஷியலிலிருந்து கிரௌன் வீலைக் கழற்றிப் புதியதன் மீது மாட்டி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். போல்ட் தானே கழலாமலிருக்கப் பசை தடவ வேண்டும். 'கை அளவு தெரியும்' என்பவர்களை இந்த இடத்தில் விலக்கி வைப்பது நல்லது. ஓடும்போது ஒரு போல்ட் கழன்று பற்களுக்கு நடுவே விழுந்தால் பின் சக்கரம் இரண்டும் ஒரே நொடியில் இறுகிவிடும். மூர்த்தலில் தாபாவுக்குத் திரும்பும் வேகத்தில் என்றால் பிழைக்கலாம். எக்ஸ்பிரஸ் ஹைவேயில் என்றால்?

அதன் பிறகு வருவதுதான் மொத்த வேலையின் உயிர்நாடி. கிரௌன் வீலின் பல்லும் பினியனின் பல்லும் ஒன்றோடொன்று பொருந்தும்போது இடையே ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். 'பேக்லாஷ்' என்பார்கள். பெரும்பாலான கார்களில் அது 0.1லிருந்து 0.2 மில்லிமீட்டர் வரை. சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும் ஒரு தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர். அதாவது ஒரு தாளுக்கும் இரண்டு தாளுக்கும் இடையே சரியும் தவறும் அடங்கியிருக்கின்றன. இடைவெளி குறைந்தால் எண்ணெய் நுழைய இடமின்றிப் பல் சூடேறித் தேயும். அதிகமானால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் 'டக்' என்று அடித்து ஒரு நாள் பல் தெறிக்கும். கண்ணாலோ விரலாலோ இதை அளக்க முடியாது. காந்த அடிப்பாகத்தோடு கூடிய டயல் கேஜ் ஒன்று வேண்டும். கஷ்மீரி கேட்டில் கிடைக்காவிட்டால் சாவ்ரி பஜாரில் கிடைக்கும். பேரிங்கின் இரு பக்கமும் உள்ள மரையிட்ட வளையங்களை ஒரு பக்கம் தளர்த்தி மறு பக்கம் அதே அளவு இறுக்கினால் கிரௌன் வீல் மயிரிழை மயிரிழையாக நகரும். அளப்பது, நகர்த்துவது, மறுபடி அளப்பது. கிரௌன் வீலின் நான்கு இடங்களிலாவது அளக்க வேண்டும்.

அது சரியான பிறகும் பரீட்சை முடியவில்லை. பற்களில் மெல்லிசாகப் பிரஷ்யன் நீலம் தடவிச் சுற்றினால், பல் பல்லைத் தொடும் இடத்தில் சாயம் விலகித் தடம் தெரியும். தடம் பல்லின் நடுவே முட்டை வடிவில் விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் பினியனின் ஆழம் சரியில்லை என்று அர்த்தம். பினியனைத் தொடாமல் பழைய கிரௌனோடு அதே ஜோடியாக வைத்திருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. கிரௌனையும் பினியனையும் ஆலையிலேயே ஜோடி சேர்த்து உரசிப் பழக்கித்தான் அனுப்புகிறார்கள்; அந்தத் தாம்பத்தியத்தைப் பிரிப்பது வீட்டில் செய்யும் வேலை அல்ல. பினியனில் கை வைக்க நேர்ந்தால் கூட்டைத் துணியில் சுற்றி ஒரு நல்ல பட்டறைக்கு எடுத்துப்போவதே உத்தமம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வண்டியில் மாட்டும் நாளில் பிரேக்குக்கும் பங்கு உண்டு. ஆக்ஸில் தண்டை இழுக்க பிரேக் டிரம்மையும் எண்ணெய்க் குழாயையும் கழற்ற வேண்டியிருக்கிறது. திரும்ப மாட்டியதும் குழாய்க்குள் புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்றாவிட்டால் பெடல் தரையைத் தொடும். டிஃபரன்ஷியலை உயிரைக் கொடுத்துச் சரிசெய்துவிட்டு, பிரேக்கை அரைகுறையாக விட்டு முதல் ஓட்டத்துக்குக் கிளம்பும் உற்சாகம் ஆபத்தானது. எண்ணெயிலும் கவனம் தேவை. இந்தப் பற்களுக்கு ஜி.எல்.-5 தரம் வேண்டும். கிளட்ச் வகை எல்.எஸ்.டி. என்றால் அதற்கான சிறப்பு மருந்து கலந்த எண்ணெய். இல்லாவிட்டால் திருப்பங்களில் பழைய மரக் கதவு மாதிரி முனகும். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது வழக்கமாக இருக்கிறது. அது போய்ச் சேரும் யமுனைக்கு ஏற்கெனவே போதுமான கஷ்டம் இருக்கிறது. டப்பாவில் பிடித்துப் பழைய எண்ணெய் வாங்குகிறவரிடம் கொடுக்கலாம்.

இவ்வளவு செலவும் சிரமமும் எதற்கு என்று தில்லியின் சந்து மெக்கானிக்குகள் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் குட்டிப் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்துவிடுவது. சில நூறு ரூபாயில் லாக்கர் ரெடி. மணலிலும் சேற்றிலும் அது வேலை செய்யும் என்பதும் பொய்யல்ல. ஆனால் அந்த வண்டிதான் திங்கட்கிழமை ஆபீசுக்கும் போக வேண்டும். பெக்கூர் 1827இல் தீர்த்த பிரச்னை 4 மீட்டர் நீளத்தில் மறுபடி உயிர்பெற்று, ஒவ்வொரு திருப்பத்திலும் டயரைத் தின்னும், ஆக்ஸிலை முறுக்கும். முதல் மழையில் மூல்சந்த் மேம்பாலத்திலிருந்து இறங்கித் திரும்பும்போது முன் பக்கம் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காமல் நேராகப் போகும். பிறகு பின்பக்கம் சட்டென்று வெளியே வீசும். பழகிய ராலி ஓட்டிக்கு அது விளையாட்டு. பின் ஸீட்டில் குழந்தைகள் இருக்கும்போது விளையாட்டல்ல.

விலை கொடுத்து வாங்கிய நல்ல சாதனமும் எல்லா இடத்திலும் நண்பன் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் மணாலிக்கு மேலே உறைபனிப் பாதையில், ரோடு ஒரு பக்கம் பள்ளத்தை நோக்கிச் சரிந்திருக்கும் இடத்தில், இது தெரியவரும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினாலும் மற்றது நின்றபடி நங்கூரம் மாதிரி தரையைப் பற்றிக்கொண்டிருக்கும். இறுக்கமான எல்.எஸ்.டி.யோ லாக்கரோ இருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும். பிடிப்பே இல்லாத பின்பக்கம் சரிவைப் பார்த்து மெல்ல நகரும். சரிவின் முடிவில் பியாஸ் நதி. மலைக்கு அதிகம் போகிறவர்கள் மென்மையான கியர் வகையைத் தேர்ந்தெடுப்பதற்கும், கால் கட்டை விரலால் ஆக்ஸிலரேட்டரைத் தடவுகிற மாதிரி ஓட்டுவதற்கும் இதுவே காரணம்.

வீட்டில் கட்டி ஓட்டும் மரபு தமிழர்களுக்குப் புதிதல்ல. 1980களில் மாருதி 800 என்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை ஸீட் பந்தயக் காரைக் கோவையில் உருவாக்கினார் எஸ். கரிவரதன். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூரில் அந்த ரகக் காரில்தான் ஓட்டினார். பிற்பாடு 2011இல் தில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயிலும் ஓட்டினார். ஆனால் பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு நம்பர் பிளேட் கிடையாது. தில்லி ஜிப்ஸிக்கு உண்டு. நம்பர் பிளேட் இருந்தால் சட்டமும் உண்டு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாகவே உறுதிசெய்தது. டிஃபரன்ஷியல் எந்த வகை என்று பதிவுச் சான்றிதழில் எழுதுவதில்லை என்பது ஜிப்ஸிக்காரர்களின் தெம்பு. போலீஸ்காரர் குனிந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் அப்படியல்ல. விபத்துக்குப் பிறகு அவர் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். மாற்றத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைப்பவருக்குப் பின்னால் வாக்குவாதம் மிச்சம்.

பெரிய கத்தி வேறு இடத்தில் தொங்குகிறது. 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 15 வருஷத்தைத் தாண்டிய வண்டிகள் தில்லியில் ஓடக் கூடாது என்றது. 2015இல் டீசல் வண்டிகளின் ஆயுளை 10 வருஷமாகக் குறைத்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. 2025 ஜூலை முதல் தேதி, ஆயுள் முடிந்த வண்டிகளுக்கு பெட்ரோல் பங்க்கில் எரிபொருளே கிடையாது என்று தில்லியில் ஒரு திட்டம் வந்து, எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களில் நின்றுபோனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 தரத்துக்கும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. தில்லிக்கு பி.எஸ்.-4 வந்தது 2010 ஏப்ரலில். அதற்கு முந்தைய ஜிப்ஸிகள், அதாவது பந்தயப் பிரியர்கள் போற்றும் பழைய ஜிப்ஸிகள், தலைநகரில் இரவல் நாட்களில் ஓடுகின்றன. குளிர்காலப் புகைமூட்டம் அதிகமாகி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வந்தால் பி.எஸ்.-3 பெட்ரோல் வண்டி வெளியே தலைகாட்டவும் முடியாது.

ஆக, காலாவதியாகப்போகும் வண்டியில் கடல் கடந்து வந்த சாமானைப் போடலாமா? கணக்குப் புலிகள் வேண்டாம் என்பார்கள். ஜிப்ஸிக்காரர்களின் கணக்கு வேறு. தடையில்லாச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இமாசலத்துக்கோ ராஜஸ்தானுக்கோ வண்டி போய்ச் சேரும். அங்கே அதற்கு மதிப்பு கூடும். வண்டி போகும்போது எல்.எஸ்.டி. கூடப் போக வேண்டும் என்ற கட்டாயமுமில்லை. முதல் நாள் கழற்றிய பழைய கூட்டை எண்ணெய் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதைத் திரும்ப மாட்டிவிட்டுப் புதியதைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார், அடுத்த ஜிப்ஸிக்காக. இந்த வகையில் கட்டிலுக்கு அடியில் இருப்பதற்கு வங்கி டெபாசிட்டைவிட ஆயுசு கெட்டி.

மாட்டி முடித்த பிறகு முதல் ஓட்டம் மெதுவாகவே இருக்க வேண்டும். கிளட்ச் வகை என்றால் காலி மைதானத்தில் எட்டு போட்ட மாதிரி வலமும் இடமும் சுற்றித் தகடுகளுக்கு எண்ணெயைப் பழக்குவார்கள். பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, பூசணியின் மீது கையை வைத்துப் பார்க்கலாம்: வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் அதிகமாக இறுகியிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை, காலை எடுத்ததும் அமைதி என்றால் பல் பொருத்தத்தில் தவறு. சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். வடிக்கும்போது அடியிலிருக்கும் திருகு மூடியை ஒரு காந்தத்தில் தேய்த்து, பழைய எண்ணெயிலும் அதே காந்தத்தை விட்டுப் பார்ப்பார்கள். மை போல வழவழவென்று சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் புதுப் பற்கள் ஒன்றுக்கொன்று பழகுகின்றன. விரலில் குத்தும் பொடித் துணுக்கு ஒன்றே ஒன்று வந்தாலும், ஜாக்கியை மறுபடி வெளியே எடுக்க வேண்டியதுதான்.